பெயருக்கு ஓடிவரும் கோழி

இறுதிச்சடங்குக் கூடத்தின் வாசலில் இருந்த மின்திரையில் தன் கோழியின் பெயரைக் கியோங்ரான் பார்த்தாள்.

திரை மூன்று கட்டங்களாகப் பிரிந்திருந்தது. முதல் கட்டத்தில் கண்ணாடி அணிந்த ஒரு கிழவரின் படம். மூன்றாம் கட்டம் காலி. அங்கே ஒரு வெள்ளைச் செவ்வந்திப் பூ மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நடுக் கட்டத்தில் ஆன்தோங்காரம்மா. எப்போதோ அடையாள அட்டைக்கு எடுத்த படம். வாயை இறுக மூடி, யாரோ திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் போல் இருந்தாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: க்வோன் மால்புன், வயது எண்பத்தொன்று.

மால்புன் என்பது கியோங்ரான் வளர்த்த நான்கு கோழிகளில் ஒன்றின் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே அதன் கழுத்தை அறுத்திருந்தாள். இன்று புதன்.

ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருப்பது அதிசயமில்லை. அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அவளை உறுத்தியது வேறு. இரண்டு வருடங்களாக அநேகமாக எல்லா நாளும் ஒரே தரையில் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்ட பெண்ணின் பெயர் அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அந்த ஊரில் பெண்களுக்குப் பெயர் கிடையாது. ஆன்தோங்கிலிருந்து மணமாகி வந்தவள் ஆன்தோங்காரி, யெச்சனிலிருந்து வந்தவள் யெச்சன்காரி. வயது ஏறினால் பின்னால் ஓர் அம்மா ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த தலைமுறையில் ஊர்ப் பெயர் போய்ப் பிள்ளையின் பெயர் வந்தது. இன்ச்சொன் நகரத்திலிருந்து கணவனின் பூர்வீக வீட்டுக்கு மகள் சோயுலோடு வந்து இறங்கிய நாளிலிருந்து கியோங்ரான் எல்லோருக்கும் சோயுல் அம்மாதான். வாரக் கடைசியில் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் கணவன் மான்சுவும் அப்படித்தான் கூப்பிட்டான். அவள் பெயரைச் சொல்லிக் கேட்பவர் கூரியர் பொட்டலம் கொண்டுவருபவர் ஒருவர்தான்.

உள்ளே மாட்டிறைச்சிக் காரச்சாறின் வாசனையும் ஊதுவத்திப் புகையும் கலந்திருந்தன. மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்த மேசையைச் சுற்றி ஊர்ப் பெண்கள் மூவரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சாங்ஜுக்காரம்மா அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, எழுபத்தெட்டு வயது, சுருள் சுருளாக்கிய குட்டை முடி, ஊரிலேயே உரத்த குரல்.

"ஆன்தோங்காரி எப்பவும் முந்திக்கிற ஆளு. பஸ்ஸுல ஜன்னல் சீட்டு அவளுக்குத்தான். இப்பவும் பாரு."

மற்ற இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். யெச்சன்காரம்மா, நல்லவேளை வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சோயுல் அம்மா ஊர்க்கூடத்துக்கு அனுப்பிய கோழிச்சாறில் கால் அவளுக்குத்தானே விழுந்தது, எலும்பைக்கூட விடவில்லையே என்றாள். மறுபடியும் சிரிப்பு. சாங்ஜுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையில் எடுத்த கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கியோங்ரானைப் பார்த்தாள். பார்க்க வேண்டியதைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

போன வருட வசந்தத்தில் அந்த நான்கு குஞ்சுகளையும் நூடுல்ஸ் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவள் சாங்ஜுக்காரம்மாதான். ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள். "வெட்டப்போறதுக்குப் பேரு வெக்காத. வெச்சா, நீ கத்திய எடுக்குறப்ப அது திரும்பிப் பாக்கும்."

கியோங்ரான் வெட்டுவதாக அப்போது நினைக்கவேயில்லை. நகரத்தில் அவளுடைய தோழிகள் நாய்க்கும் பூனைக்கும் பழைய பட்டிக்காட்டுப் பெயர்களாகத் தேடித் தேடி வைத்தார்கள். பளபளப்பான ரோமத்தோடு சோபாவில் படுத்திருக்கும் வெளிநாட்டுப் பூனையை ஒரு கிழவியின் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் ஒரு வேடிக்கை இருந்தது. அதே வேடிக்கைக்காகத்தான் அவளும் வைத்தாள். மால்புன், ஒக்புன், சுல்லே, பில்நாம். ஆண் பிள்ளை வேண்டிக் காத்திருந்த அப்பன்கள் பிறந்த பெண்ணுக்குச் சலிப்போடு வைத்த பெயர்கள். படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். அவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழியும் பொம்மை முகங்களைப் பதிலுக்கு அனுப்பினார்கள்.

சாயங்காலம் மலை நிழல் கொல்லையைத் தொடும் நேரத்தில் அவள் தவிட்டுக் கிண்ணத்தைத் தட்டியபடி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். ஒரு வாரத்திலேயே அவை பழகிவிட்டன. கூப்பிட்டது மட்டும் ஓடிவரும். மற்றவை தலையைச் சாய்த்து நின்று தங்கள் முறைக்குக் காத்திருக்கும்.

மழைக்காலம் முடிந்த பிறகு மால்புன் முட்டையிடுவதை நிறுத்தியது. தீனி விலையைச் சொல்லி மான்சு முணுமுணுத்தான். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு போனபோது கோழி தவிட்டுக் கிண்ணத்தில் தலையை விட்டிருந்தது. தன்னையறியாமல், பழக்கதோஷத்தில், அவள் பெயரைச் சொன்னாள். அது திரும்பிப் பார்த்தது.

நவம்பர் கடைசியில் ஒக்புன் போயிற்று. விடிந்ததும் கொல்லைக்கு வந்தவளுக்கு முதலில் தெரிந்தது வாசனைதான். உறைபனி விழுந்த காலையில் எந்த வாசனையும் எழக் கூடாது, ஆனால் நெல் உமியின் மணத்துக்கு அடியில் ஈர இரும்பைப் போல் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. கூண்டின் பின்பக்கக் கம்பிவலை இரண்டு விரல் அகலத்துக்கு விலகியிருந்தது. மரநாயின் வேலை. அதற்கு அந்த அகலம் போதும். உடலைப் பாதிவரை அந்த இடுக்கின் வழியாக இழுத்துப் பார்த்துவிட்டு, முடியாமல், தலையை மட்டும் கொண்டுபோயிருந்தது. மற்ற இரண்டும் கூண்டுக்குள் குறுக்கே போட்ட பரண் கட்டையில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. அவள் உள்ளே கைவிட்டபோதும் அசையவில்லை.

அவள் குழி தோண்டிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும் சத்தம் கேட்டது. சைரன் போடவில்லை. டயர்கள் சரளைக்கல்லை அரைக்கும் சத்தம் மட்டும், மெதுவாக, அவசரம் தேவையில்லை என்று தெரிந்தவர்கள் ஓட்டுவதைப் போல. யெச்சன்காரம்மா வீட்டுக்குத்தான் போனது. சூடேற்றிய அறையில் மெத்தைக்குப் பாதி வெளியே, கதவு இடுக்கின் பக்கமாகத் தலை வைத்துக் கிடந்தாள் என்று பிற்பாடு சொன்னார்கள்.

கியோங்ரான் இறுதிச்சடங்குக் கூடத்துக்குப் போகவில்லை. திரையைப் பார்க்கும் தெம்பு இல்லை. பதிலாக ஊர்க்கூடத்துக்குப் போனாள். உள்ளே யாரும் இல்லை. ரத்த அழுத்தக் கருவிக்கு மேலே, சுகாதார நிலையம் ஒட்டிய ஒரு தாள், ஓரங்கள் பழுப்பேறி, பல வருடங்களாக அங்கேயே இருந்தது. மாத்திரை வாங்கும் பெண்களின் பெயர்கள். நான்கு பெயர்கள். அவள் கோழிகளுக்கு வைத்த அதே நான்கு, வைத்த அதே வரிசையில். மேலே இருந்த இரண்டின் மேல் நீலப் பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள்.

குடிவந்த வாரம் சிவப்புப் பயறு தூவிய அரிசிப் பணியாரத்தோடு அவள் இதே கூடத்துக்கு வந்து, இதே சுவருக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கண் படித்திருக்கும். மனம் மறந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அது போதுமான விளக்கம். மற்றதற்கு இல்லை.

அன்று மதியமே சாங்ஜுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவள் முற்றத்தில் முள்ளங்கி இலையைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"பக்கத்து வீடு. எனக்குக் காது இன்னும் போகல." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "அறுவது வருஷமா என்னைப் பில்நாம்னு யாரும் கூப்பிடல. கட்டுனவனும் கூப்பிடல. மொத நாள் நீ கூப்பிட்டப்ப கை கழுவிக்கிட்டிருந்தேன். 'ஏன்'னு கேட்டேன். தெனமும் கேப்பேன். உனக்குத்தான் கேக்காது."

"மத்தவங்களுக்கும் தெரியுமா?"

"ஆன்தோங்காரி சாயங்காலமானா இந்தப் பக்கமா நடந்து வந்தாளே, எதுக்குன்னு நெனச்ச? முட்டிவலிக்கா?"

கியோங்ரானுக்கு நினைவு வந்தது. தவிட்டுக் கிண்ணத்தைத் தட்டும் நேரத்தில் வேலிக்கு அப்பால் எப்போதும் யாராவது நின்றிருந்தார்கள். கிழவிகளின் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடும், நிற்கும், சற்று நேரம் கழித்து மறுபடி கிறீச்சிடும். காலாற நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். ஒவ்வொருத்தியும் தன் பெயர் வரும்வரை நின்று, கேட்டு, வாய்க்குள் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

வேறு பெயர் வைத்துவிடுகிறேன் என்றாள் கியோங்ரான். வைத்துப் பார், எந்தப் பெயருக்கு ஓடிவருகிறது என்று பார் என்றாள் சாங்ஜுக்காரம்மா.

அவள் பார்த்தாள். இரண்டுக்கும் புதுப் பெயர் வைத்து மூன்று சாயங்காலம் கூப்பிட்டாள். இரண்டும் அசையாமல் நின்று அவள் வாயையே பார்த்தன.

மூன்றாவது பெண் உய்சொங்காரம்மா. அதிகம் பேசாதவள். எலும்பில் நோய் இறங்கியிருந்தது. கூடத்தில் மற்றவர்கள் சீட்டாடும்போது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், மூச்சை எண்ணி எண்ணி விடுவாள். கோழி போனால் என்ன ஆகிறது என்று அவளுக்குச் சாங்ஜுக்காரம்மா சொல்லியிருக்க வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, சோயுலைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிய கியோங்ரான், கம்பிவலைக்கு உள்ளே கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். பூப்போட்ட பஞ்சுச் சட்டை, கையுறை, மடியில் ஒரு பிடி சோளம்.

எது சுல்லே என்று கேட்டாள். கியோங்ரான் சாம்பல் புள்ளி போட்டதைக் காட்டினாள்.

"நல்லா இருக்கா. கொழுகொழுன்னு இருக்கா." உய்சொங்காரம்மா கையை நீட்டினாள். கோழி நேராக மடியில் ஏறி உட்கார்ந்தது. "குளுருதும்மா. சூடா எதாச்சும் குடிக்கக் குடு."

வறுத்த பார்லித் தண்ணீர் கொதிக்க மூன்று நிமிடம் ஆகியிருக்கும். கியோங்ரான் கிண்ணத்தோடு திரும்பியபோது உய்சொங்காரம்மா கையுறையைக் கழற்றி வைத்திருந்தாள். கோழி மடியில் அப்படியே இருந்தது. கழுத்து மட்டும், பிழிந்து போட்ட துணியைப் போல, ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"உன் மேல பழி இல்ல," என்றாள். "என் பேரு. என் கை."

கிண்ணத்தை வாங்கி முழுவதும் குடித்தாள். சூடாக இருக்கிறது என்று சொன்னாள். எழுந்து, தள்ளுவண்டியைப் பிடித்து, வேலியைத் தாண்டி மேட்டுப் பாதையில் ஏறினாள். கியோங்ரான் அசையவில்லை. அவளால் கேட்க மட்டுமே முடிந்தது. சக்கரத்தின் கிறீச்சொலி சீமைப் பனிச்சை மரத்தைத் தாண்டியது, பழைய நெல் ஆலையின் தகரச் சுவரில் மோதித் திரும்பியது, வளைவுக்குப் போனது. அங்கே நின்றது. காலாற நிற்பதாக இருக்கலாம். அவள் காத்திருந்தாள். பனி தகரக் கூரையிலிருந்து சொட்டத் தொடங்கியது. காத்திருந்தாள். சக்கரம் மறுபடி ஓசை எழுப்பவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கோழிதான் மிச்சம். ஒரு பெண்தான் மிச்சம்.

கியோங்ரான் கம்பிவலையை இரட்டிப்பாக்கினாள். தரையில் கற்பலகை பதித்தாள். நாள் முழுதும் காது கொல்லையிலேயே இருந்தது. அடுப்பில் எண்ணெய் பொரியும்போது அதை அணைத்துவிட்டுக் கேட்டாள், மகள் பேசும்போது கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தினாள். பில்நாம் இருமினாற்போல் தோன்றினால் அடுத்த நிமிடம் வேலிக்கு அப்பால் இருமல் கேட்கும். எது முதலில் இருமியது என்று சொல்ல முடியவில்லை. ஒரு நாள் கோழியைத் துணியில் சுற்றிச் சாங்ஜுக்காரம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். உங்களுடையது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மறுநாள் சாயங்காலம் தவிட்டுக் கிண்ணத்தைத் தட்டியபோது அது மூடியிருந்த வேலியின் இந்தப் பக்கத்தில் நின்றிருந்தது. எப்படி வந்தது என்று அவள் தேடிப் பார்க்கவில்லை.

சாங்ஜுக்காரம்மா இப்போது தினமும் வந்தாள். பூசணி விதை கொண்டுவருவாள். கோழி சாப்பிடுவதைக் குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். முன்போலவே கிண்டல் பேசினாள். நான் முட்டை போடுகிறேனா என்று விசாரிப்பாள், எனக்குக் கொண்டை சிவப்பாகத்தான் இருக்கிறது, இன்னும் ஒரு கல்யாணம் தாங்கும் என்பாள். ஆனால் கியோங்ரான் எங்கே நகர்ந்தாலும் கண் கூடவே வந்தது.

மான்சு தொலைபேசியில் பேசினான். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வீடு பார்த்தாயிற்று, புத்தாண்டுக்கு முன் மூவரும் போய்விடலாம் என்றான். கியோங்ரான் அழுதாள். மகிழ்ச்சியில் என்று அவன் நினைத்துக்கொண்டான். மகளைக் கூட்டிக்கொண்டு இங்கிருந்து உயிரோடு போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அதைச் சாங்ஜுக்காரம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலியருகே சொன்னாள். அவள் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என்னை யாரு பாத்துக்குவா?"

கோழியை உங்கள் மகன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று கியோங்ரான் தொடங்கினாள். கிழவி கையை ஆட்டி நிறுத்தினாள்.

"பில்நாம்னா என்னன்னு தெரியுமா? அடுத்தது கட்டாயம் ஆம்பளன்னு அர்த்தம். என் பேரே எனக்கு வெச்சது இல்ல, எனக்குப் பின்னால வர்றவனுக்கு வெச்சது. வந்தான். எங்கப்பன் என் பக்கமே திரும்பல. எனக்குன்னு இந்தப் பேரக் கூப்பிட்டது நீ ஒருத்திதான். கூப்பிட்டுட்டுப் போறேங்கிற."

இரண்டு நாள் அவள் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம். மலை நிழல் வழக்கம்போல் வந்து கொல்லையைத் தொட்டது. கியோங்ரான் தவிட்டுக் கிண்ணத்தைத் தட்டினாள். பில்நாமைக் கூப்பிட்டாள். அது ஓடிவந்து தின்றது, கூண்டுக்குள் போனது, பரணில் ஏறியது. மரம் அதன் எடைக்கு முனகுவது கேட்டது. அவள் கதவைச் சாத்தக் கையை வைத்தாள்.

மரம் இரண்டாவது முறை முனகியது.

அவள் குனிந்து பார்த்தாள். இருட்டில் பில்நாமின் பருத்த உருவம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சின்னது. செம்பழுப்பு. இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை. காலில் சிவப்புக் கம்பளி நூல்.

"அது சந்தையில வாங்குனது." வேலிக்கு அப்பால் சாங்ஜுக்காரம்மா நின்றிருந்தாள். குரல் உரக்க இல்லை. "நல்ல சாதி."

"எனக்கு எதுக்கும்மா?"

"உனக்குத்தான். நீ போற எடத்துக்கெல்லாம் அது வராதுல்ல. இங்கதான் இருக்கும். இருந்தா நீயும் வந்து வந்து பாப்ப. என்னையும் பாப்ப."

"என்ன பேரு வெச்சீங்க?"

கியோங்ரானுக்குத் தன் வீட்டு வாசலில் வாரக்கணக்கில் குவிந்துகிடந்த காலிப் பொட்டலப் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒட்டிய வெள்ளைச் சீட்டு. அதில் அச்சடித்த அவள் பெயர். முந்தாநாள் ஒரு பெட்டியில் அந்தச் சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது.

"கியோங்ரான்," என்றாள் கிழவி, மெதுவாக.

பரணிலிருந்து ஏதோ குதித்தது. செம்பழுப்புப் பெட்டை கதவிடுக்கின் வழியாக வெளியே வந்து, கியோங்ரானின் காலைத் தாண்டி, வேலியை நோக்கி ஓடியது. அவளும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தாள். அதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. தலைவர் இரண்டு முறை தொண்டையைக் கனைத்துவிட்டு அறிவிப்பைப் படித்தார். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பண்ணையில் பறவைக் காய்ச்சல் உறுதியாகியிருக்கிறது. மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் வீட்டில் வளர்ப்பவை உட்பட எல்லாக் கோழிகளும் இன்று அழிக்கப்படும். அதிகாரிகள் பத்து மணிக்கு வருவார்கள். உரியவர்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

அவர் இன்னொரு முறை படித்தார். அதற்குள் சாங்ஜுக்காரம்மா செருப்பில்லாமல் முற்றத்தில் நின்றிருந்தாள். நேற்றைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. நேரமில்லை. காருக்குள் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால் பாலத்தில் ஏற்கெனவே தடுப்பு. சுண்ணாம்பு தெளிக்கும் லாரி அங்கிருந்தே தெரிந்தது. மலையில் விட்டால் மரநாய்.

"உள்ரூமு," என்றாள் கிழவி.

சோயுல் பள்ளிக்குப் போய்விட்டாள். பத்துக்கு முன்பே அதிகாரிகள் வந்துவிட்டார்கள். கியோங்ரான் உள்ளறையின் சூடேறிய தரையில், சுவரில் முதுகு ஒட்ட உட்கார்ந்திருந்தாள். செம்பழுப்புப் பெட்டை மார்போடு அணைத்த கைகளுக்குள். எதிரே சாங்ஜுக்காரம்மா, அவளுடைய பூப்போட்ட பஞ்சுச் சட்டைக்குள் பில்நாம். இரண்டு பெண்கள், இரண்டு கோழிகள், காகிதக் கதவு ஒன்று. அறையில் இறகுச் சூடும் கிழவியின் வலிநிவாரணி ஒட்டுப்பட்டையின் கற்பூர மணமும் நிறைந்திருந்தன. வெளியே வண்டி நின்றது. கதவுகள் திறந்தன. பிளாஸ்டிக் உறை போட்ட கால்கள், சரசரவென்று, நான்கு பேர், அல்லது ஐந்து. கூண்டுக் கதவு இழுபட்டது.

"காலி சார்."

"எச்சம் ஈரமா இருக்கே. பதிவுல ஒண்ணு இருக்கு. உள்ள பாரு."

சரசரப்பு முற்றத்தைக் கடந்தது. மரத் தளத்தில் ஏறியது. பலகை முனகியது. காகிதக் கதவில் ஒரு வெள்ளை உருவத்தின் நிழல் விழுந்தது. முகமில்லை. தலை மூடிய உடை. நிழல் கையில் ஒரு அட்டையை உயர்த்திப் பிடித்தது. பதிவுப் படிவம்.

பில்நாம் மூச்சுக்கூட விடவில்லை. செம்பழுப்புப் பெட்டையும் அமைதியாகத்தான் இருந்தது. இன்னும் சற்று நேரம். இன்னும் சற்று.

நிழல் படிவத்தைப் படித்தது.

"பேக் கியோங்ரான் இருக்காங்களா? பேக் கியோங்ரான்."

அவள் கைகளுக்குள் அது தலையைத் தூக்கியது. கதவைப் பார்த்தது. தொண்டையில் பதில் உருண்டு ஏறுவதை அவளுடைய விரல்கள் உணர்ந்தன. அலகு திறந்தது.

அவள் பிடித்தாள்.

கழுத்து. இவ்வளவு மெல்லிசா. ஒரு விரல் அளவுகூட இல்லை. சத்தம் வரவில்லை. கதவுக்கு அப்பால் நிழல் தலையைச் சாய்த்துக் கேட்டது. விட்டால் கொக்கரிக்கும். கொக்கரித்தால் இரண்டும் போகும். அவள் விடவில்லை. இதயத்துடிப்பு. விரலுக்குக் கீழே. வேகமாக. எங்கே துடிக்கிறது? காதுக்குள் துடிக்கிறது. மூச்சு இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். விரல்களைத் தளர்த்தச் சொன்னாள். விரல்கள் கேட்கவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சாங்ஜுக்காரம்மா பஞ்சுச் சட்டையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கோழியைப் பார்க்கவில்லை. கியோங்ரானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் ஒரு விரலை வைத்தாள்.

நிழல் இன்னும் நின்றது.

கையில் இருந்ததன் கண் அவளைப் பார்த்தது. வட்டமான, ஆரஞ்சு நிறக் கண். அதன் கீழ் இமை அசைந்தது. கோழியின் கண் மேலிருந்து மூடுவதில்லை. கீழிருந்து ஒரு வெளிறிய தோல் மெல்ல, மிக மெல்ல, மேலே ஏறத் தொடங்கியது.

அறைக்குள் இருள் தரையிலிருந்து ஏறியது. முதலில் தரைவிரிப்பு போனது. பிறகு கிழவியின் வெறுங்கால். மடி. சட்டையின் பூக்கள். உதட்டில் வைத்த விரல்.